இரண்டாவது வருஷம்

மறுபடி பரீட்சை எழுதுவது என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு காரியங்கள் நெடுநாளாக ஒளிந்துகொண்டிருக்கின்றன. தோற்றவன் தேறுவதற்காக எழுதுவது ஒன்று. தேறியவன், தேறியது போதாது என்று எழுதுவது மற்றொன்று. இருவரும் ஒரே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியதால்தான், இந்த விஷயத்தில் நம் தார்மீகத் தீர்ப்புகள் எல்லாம் குழம்பிப்போயிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

முதல் காரியத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு நீண்ட, கௌரவமான சரித்திரம் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கிலோ இங்கிலீஷிலோ கோட் அடித்துவிட்டு அக்டோபரில் எழுதியவர்கள்; டுடோரியல் காலேஜ் கொட்டகையில் உட்கார்ந்து மீண்டவர்கள்; கடையில் வேலை பார்த்துக்கொண்டே பிரைவேட்டாக எழுதித் தேறியவர்கள். இதை வாசிக்கிறவர்களிலும் சிலர் அந்த வழியாக வந்தவர்கள்தான். ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் 1906இல் தோற்றார். மறுவருஷம் எழுதியும் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். அவர் தேறியிருந்தால் இன்னொருவன் தோற்றிருக்க மாட்டான் என்பது இங்கே முக்கியம். தேர்ச்சி என்பது எத்தனை பேர் நுழைந்தாலும் இடம் குறையாத வாசல். அந்த வாசலில் ஒருவனுக்கு இரண்டாவது, ஐந்தாவது சந்தர்ப்பம் தருவதால் யாரும் எதையும் இழப்பதில்லை. அது வெறும் கருணை.

தரவரிசை அப்படியல்ல. அது நீளம் அளந்து வைத்த பெஞ்சு. ஒருவன் வந்து உட்கார்ந்தால் கடைசியில் ஒருவன் எழுந்தாக வேண்டும். எழுந்தவன் யார் என்று உட்கார்ந்தவனுக்குத் தெரியாது. எழுந்தவனுக்கும் தன்னை எழுப்பியது யார் என்று தெரியாது. இந்தப் பரஸ்பர அறியாமைதான் இதை ஒரு தார்மீகப் பிரச்னையாக யாருக்கும் தோன்றாமல் செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978இல் வந்தது. மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. தொண்ணூறுகளில் 'இம்ப்ரூவ்மெண்ட்' என்ற சொல் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் சாதாரணமாகப் புழங்கிற்று. ஏற்கனவே நல்ல மார்க்கில் தேறிய பையன், கட்-ஆஃபுக்கு ஒன்றிரண்டு குறைந்த காரணத்தால், ஒரு வருஷம் வீட்டில் இருந்து மீண்டும் எழுதுவான். 2005 ஜூனில் மாநில அரசு நுழைவுத் தேர்வையும் நீக்கி, இம்ப்ரூவ்மெண்ட் மதிப்பெண்ணையும் கணக்கில் எடுப்பதில்லை என்று ஆணையிட்டது. அந்த மாதமே உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. பிறகு வேறொரு சட்டம் 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று நுழைவுத் தேர்வை ஒழித்தது. பத்து வருஷம் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. 2017இல் நீட் வந்தது. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

இந்தச் சரித்திரத்தின் ஓரத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் சில, பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் நடத்தின. அங்கிருந்து வந்தவன் எழுதியது காகிதத்தில் முதல் தடவை, உண்மையில் இரண்டாவது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆக, எத்தனை தடவை எழுதினான் என்று எண்ணுவது மட்டும் போதாது. எத்தனை வருஷம் அவன் கையில் இருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

வருஷம் என்பது எல்லோருக்கும் ஒரே நீளம். எல்லோருக்கும் ஒரே விலை அல்ல. நான் வேலை பார்க்கும் ஓடைப்பட்டியில் இது தினமும் கண்ணில் படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்குக் கிழக்கே, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்போன ஊர் இது. திராட்சைக்காரனுக்கு இரண்டாம் சந்தர்ப்பம் என்பது புதிய தத்துவம் அல்ல. கவாத்து செய்தால் கொடி மறுபடி காய்க்கும். ஆனால் கவாத்துக்கும் அறுப்புக்கும் இடையே உள்ள மாதங்களுக்கு உரமும் மருந்தும் கூலியும் கைக்காசிலிருந்து வர வேண்டும். காய்ப்பது கொடியின் இயல்புதான். காத்திருக்க முடிவது தோட்டக்காரனின் வசதி. விளைந்த பழத்தை மார்க்கெட்டில் பார்க்கிறவன் கொடியைத்தான் பாராட்டுகிறான்.

வங்கிக் குமாஸ்தாவாக ஒன்றைச் சொல்லலாம். கல்விக் கடன் என்பது இடம் கிடைத்த பிறகு கிடைக்கிற கடன். கல்லூரியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. படிக்கிற காலத்துக்கும் அதன்மேல் ஒரு வருஷத்துக்கும் தவணை கேட்க மாட்டார்கள்; அந்த அளவுக்குப் பெருந்தன்மை. ஆனால் அந்த இடத்தைப் பிடிப்பதற்கான வருஷத்துக்கு, மதுரையிலோ நாமக்கல்லிலோ பயிற்சி மையத்தில் தங்கிப் படிக்கும் அந்த வருஷத்துக்கு, அந்தத் திட்டத்தில் கடன் கிடையாது. அதற்கு நகைதான். மே, ஜூனில் நகைக் கடன் கவுண்டருக்கு வருகிறவர்களில் சிலர் எதற்கு என்று கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள். உரைகல்லில் உரசி, எடை போட்டு, ரசீது எழுதுகிற அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு வருஷத்தின் விலை நிர்ணயமாகிவிடுகிறது. பிறகு அந்த வருஷம் மதிப்பெண்ணாக மாறுகிறது. மதிப்பெண் தகுதி என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. இந்த இரண்டாவது பெயர் மாற்றம்தான் என் ஆட்சேபணை.

நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ. கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுபடி எழுதியவர்கள் 2016-17இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21இல் 71 பேர். இதற்குப் பொருள், தமிழ்ப் பிள்ளைகள் திடீரென்று விடாமுயற்சி உள்ளவர்களாக மாறிவிட்டார்கள் என்பதல்ல. பந்தயத்தின் தூரம் ஒரு வருஷம் நீண்டுவிட்டது என்பதுதான். முதல் தடவை எழுதுவது ஒத்திகையாகிவிட்டது. ஒத்திகைக்கு மட்டும் காசு வைத்திருந்தவன் நாடகம் தொடங்குகிற நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறான்.

எதிர்வாதம் எனக்குத் தெரியாததல்ல. முயற்சி நல்லொழுக்கம் இல்லையா? பள்ளிக்கூடச் சுவர்களில் முயற்சியைப் பற்றிய குறளை எழுதிவைத்த சமூகம், இரண்டாம் முயற்சியைக் குற்றமாகப் பேசலாமா? கவிஞன் தன் கவிதையை ஏழு தடவை அடித்துத் திருத்துகிறானே, அவனை யாராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அவன் திருத்தம் வேறொருவன் கவிதையை அச்சிலிருந்து அகற்றிவிடுவதில்லை. அதிலும் அந்த ஏழு பிரதிகளுக்கான அவகாசம் எங்கிருந்து வந்தது, அவன் எழுதிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் நின்றது யார் என்று கேட்டால், நம் இலக்கியச் சரித்திரத்திலும் சில பக்கங்கள் வேறு மாதிரி எழுதப்பட வேண்டியிருக்கும். அது தனிக் கட்டுரை.

மறுபடி எழுதும் பையனைக் குற்றவாளியாக்குவது என் நோக்கம் அல்ல. அவன் விதியை மீறவில்லை. அந்த ஒரு வருஷம் அவனுக்கு லேசானதும் அல்ல. ஜப்பானில் இப்படி வருஷம் தள்ளிக் காத்திருக்கிறவனை 'ரோனின்' என்கிறார்கள். எஜமானன் இல்லாமல் திரிந்த சாமுராய்க்கு ஒரு காலத்தில் இருந்த பெயர். பள்ளியிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை, வேலையிலும் இல்லை. கல்யாண வீட்டில் 'தம்பி என்ன பண்றாப்ல?' என்ற கேள்விக்குப் பயந்து பின்வாசல் வழியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவனை நாமும் பார்த்திருக்கிறோம். அவன் துன்பம் நிஜம். ஆனால் துன்பப்பட்டதாலேயே ஒருவனுக்கு உரிமை உண்டாகிவிடுவதில்லை. அந்தத் துன்பத்தைப் படக்கூட வசதி இல்லாதவன் ஒருவன் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

பரீட்சை ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சோதிக்கிறது: விண்ணப்பித்தவனும் எழுதுகிறவனும் ஒரே ஆளா என்று. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்டப் புகார் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனபோது நாடே திடுக்கிட்டது. மும்பையில் வேறொருவர் எழுதினார் என்பது புகார். திடுக்கிட்டது நியாயம்தான், பொய் பொய்தான். ஆனால் அந்த அதிர்ச்சியின் தர்க்கத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் எழுதினால் அது மோசடி. அதே ஒருவன், பணம் செலவழித்து ஒரு வருஷத்தில் இன்னொருவனாகி வந்து எழுதினால் அது தகுதி. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முதலாவதில் பொய் இருக்கிறது, இரண்டாவதில் உழைப்பு இருக்கிறது. ஆனால் முகத்தையும் கைரேகையையும் சரிபார்க்கிற ஏற்பாடு, இவன் எத்தனை வருஷத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறான் என்று பார்ப்பதே இல்லை. முகம் பொருந்தினால் போதும்.

பார்க்கிற இடங்களும் இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்கான இறுதித் தேர்வை அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு தடவைதான் எழுதலாம். 2024 நவம்பரில் மூன்றாக்கி, அந்த மாதமே மறுபடி இரண்டாக்கினார்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். யாழ்ப்பாணத்தில் 'இரண்டாம் ஷை', 'மூன்றாம் ஷை' என்று அதற்கு ஒரு பேச்சு வழக்கே இருக்கிறது. துருக்கியில் ஒரு வருஷம் இடம் கிடைத்தவன் மறுவருஷமும் எழுதினால், பள்ளி மதிப்பெண்ணுக்குத் தரும் எடையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. நியாயமான காரியம். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் முதல் தடவை எழுதியவரும் மீண்டும் எழுதியவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஏழைகளுக்குள்ளும் ஒரு வருஷம் காத்திருக்க முடிந்த ஏழை, முடியாத ஏழை என்ற பிரிவு இருக்கிறது.

அதற்குள்ளும் ஒரு பிரிவு. இரண்டு வருஷத்துக்கு முன் மகனுக்காகச் சங்கிலியை வைத்த ஒரு தோட்டக்காரர் அதை மீட்க வந்திருந்தார். மகன் இரண்டாம் தடவையில் தேறிச் சேர்ந்துவிட்டான். இந்த வருஷம் மகள் எழுதி, கொஞ்சத்தில் தவறியிருந்தது. மகனை விட அதிக மார்க் என்று அவரே சொன்னார். 'அப்ப மறுபடி வைக்கிறீங்களா அண்ணே?' என்று கேட்டேன். 'பொம்பளப் புள்ளைக்கு ஒரு வருஷம் போனா போனதுதானே தம்பி' என்றார். கெட்ட மனிதர் அல்ல. ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கைச் சொன்னார். ஒரே சங்கிலி, ஒரே வீடு, ஒரே பரீட்சை. மகன் விஷயத்தில் அந்த வருஷம் முதலீடு, மகள் விஷயத்தில் நஷ்டம். முதல் தடவை எழுதியதை மட்டும் ஒப்பிட்டால் அவள் அண்ணனை வென்றவள். தரவரிசைப் பட்டியலில் இந்த விவரத்துக்குக் கட்டம் இல்லை.

தகுதியால் ஆளப்படும் சமூகம் என்பதற்கு ஆங்கிலத்தில் இன்று பெருமையாகப் புழங்குகிற சொல்லை, மைக்கேல் யங் 1958இல் ஒரு கேலி நூலின் தலைப்பாக வைத்துத்தான் பிரபலப்படுத்தினார். கேலி உதிர்ந்துவிட்டது, சொல் தங்கிவிட்டது. அந்த நூலின் பயம் திறமைசாலிகள் மேலே போய்விடுவார்கள் என்பது அல்ல. மேலே போனவன் அது முழுக்கத் தன்னுடையது என்று நம்பிவிடுவான். அதைவிட, கீழே நின்றவனும் அப்படியே நம்பிவிடுவான் என்பதுதான். எனக்கும் அந்தப் பயம்தான். இடம் போனது ஓர் இழப்பு. ஆனால் தான் குறைந்தவள் என்று பதினெட்டு வயதில் ஒரு பெண் முடிவு கட்டிக்கொள்வது வேறு வகை இழப்பு. அதற்கு அடுத்த வருஷம் மறுதேர்வு கிடையாது.

செய்யக்கூடியது என்ன? இரண்டாம் தடவையைத் தடை செய்வது சரியல்ல. அது அப்பாவின் சாவாலும் டைபாய்டாலும் ஒரு வருஷத்தை இழந்தவனையும் சேர்த்தே வெட்டும். ஆனால் முதல் தடவை எழுதுகிறவர்களுக்கு ஒரு பங்கு இடத்தைத் தனியே வைக்கலாம். பட்டியலில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எத்தனையாவது தடவை என்று ஓர் எண்ணை அச்சிடலாம். அவமானத்துக்காக அல்ல, அளவுக்காக. தராசில் நகை வைக்கிறபோது கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தின் எடையை எழுதுகிறோம். கல்லைப் போட்டவளை யாரும் திட்டுவதில்லை. விடுதிப் பள்ளியின் ஒளித்து வைத்த வருஷத்தை இந்த எண் காட்டாது என்பது உண்மை. நகையை அடகு வைத்து வாங்கிய வருஷத்தையும், அடகு வைக்கவே அவசியம் இல்லாத வருஷத்தையும் இது ஒன்றாகவே காட்டும் என்பதும் உண்மை. என்றாலும் இப்போது இருப்பது போல எதையுமே காட்டாமல் இருப்பதைவிட இது மேல்.

சட்டம் இதைச் செய்யும் வரை ஒரு சிறிய காரியம் நம் கையில் இருக்கிறது. மார்க்கைக் கேட்டவுடன் 'கெட்டிக்காரன்' என்று சொல்லிவிடாமல், எத்தனை வருஷம் படித்தான், அந்த வருஷத்தை யார் கொடுத்தார்கள், அதே வீட்டில் யாருக்குக் கொடுக்கவில்லை என்று கேட்பது. கேள்வி மரியாதைக் குறைவாகப் படலாம். மதிப்பெண்ணைக் கேட்பதை மட்டும் நாம் மரியாதைக் குறைவாக என்றைக்கும் நினைத்ததில்லை.