விலக்கும் அளவும்

உண்ணும் உணவின் வகையையும் அளவையும் நேரத்தையும் வெளியிலிருந்து வகுக்கப்பட்ட ஒரு பட்டியலின்படி அமைத்துக்கொண்டு உடல் எடையைக் குறைக்க முயலும் நடைமுறை, இன்று தமிழிலும் ‘டயட்’ என்றே வழங்குகிறது. அதற்கு மாறாக, பசி, நிறைவு, சுவை, உண்டபின் உடலில் தோன்றும் ஊக்கம் அல்லது தளர்ச்சி ஆகிய உட்குறிகளைக் கேட்டு உண்பதை, அமெரிக்க உணவியல் வல்லுநர்களான எவலின் ட்ரிபோலி, எலிஸ் ரெஷ் ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு முறையாக வகுத்தளித்தனர். உள்ளுணர்வுவழி உண்ணல் என்று அதனைத் தமிழில் குறிக்கலாம். அது வெறும் சலுகையா, அல்லது பயின்று பெறத்தக்க ஓர் அறிவா என்பதே பின்வரும் உரையாடலின் பொருள்.

சீடன்: குருவே, அடக்கத்தை எல்லாச் சமயங்களும் போற்றும்போது, விரும்பியதை உண்ணலாம் என்று கூறும் ஒரு முறை எவ்வாறு அறிவுடையதாகும்? நாவுக்கு இடங்கொடுத்தவன் எங்கே நிற்பான்?

குரு: வினாவுக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. பசி என்பது உடலுக்குள் இருக்கும் பகைவன் என்றும், காவல் தளர்ந்தால் அது அனைத்தையும் விழுங்கிவிடும் என்றும் நீ முன்னரே கொண்டுவிட்டாய். ஆனால் காவலிடப்பட்ட பசி என்ன செய்யும் என்பது ஊகத்துக்கு விடப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர், போரில் ஆயுதமேந்த மனச்சான்று இடங்கொடாமையால் மாற்றுப்பணி ஏற்றிருந்த 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். பட்டினியால் நலிந்த ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிவதே நோக்கம். உடலும் உள்ளமும் நலமாயிருந்தவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி அளவுக்கே உணவு தரப்பட்டது. அவர்கள் தம் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அவர்கள் இழந்தது எடையை மட்டுமன்று என்பதுதான் இங்கே கருதத்தக்கது. பேச்சும் கனவும் உணவாயின, சமையல் நூல்களைச் சேர்த்து நெடுநேரம் படித்தனர், தட்டை நக்கினர், எரிச்சலும் சோர்வும் மிகுந்து, நட்பிலும் காதலிலும் நாட்டம் குன்றினர். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு கொள்ளாத அளவுக்கு உண்டும் பசி ஆறாமல் நெடுநாள் தவித்தனர். ஆய்வுக்கு முன் அவர்களில் யாரும் பெருந்தீனியர் அல்லர்.

சீடன்: அது பட்டினி. டயட் என்பது மிதமான குறைப்பு அல்லவா?

குரு: எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. கலோரி என்பது வெப்ப ஆற்றலின் அளவு. உணவியலில் அச்சொல், ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலைக் குறிக்கும். ஆய்வுக்கூடத்துக்குரிய இந்த அளவையை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், கலிபோர்னியா மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918இல் வெளிவந்த அவருடைய நூல், ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லுவதை விட்டு நூறு கலோரி ரொட்டி என்று சொல்லப் பழகுமாறு வாசகரை அறிவுறுத்தியது. எடை குறைய விரும்புவோர்க்கு நாளொன்றுக்கு 1,200 கலோரியை அது வகுத்தது. அந்த எண் இன்றும் பல டயட் பட்டியல்களில் இருக்கிறது. கீஸ் தம் ஆய்வில் அரைப்பட்டினி என்று பெயரிட்ட அளவைவிட அது குறைவானது.

சீடன்: உடல் மெலிந்தவன் உணவை நினைப்பது இயல்பே. ஆனால் நன்றாக உண்டு வாழ்பவர்கூட, டயட்டின் நடுவே ஒரு துண்டு மைசூர்பாகைத் தின்றுவிட்டால், அதன்பின் பெட்டி முழுவதையும் தீர்த்துவிடுவது ஏன்? அங்கே பட்டினி இல்லையே.

குரு: சரியான இடத்தைத் தொட்டாய். 1975இல் ஹெர்மன், மேக் என்னும் உளவியலாளர் இருவர் இதனையே ஆராய்ந்தனர். பங்கேற்றோர்க்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு சுவைத்து மதிப்பிடுமாறு சொல்லி ஐஸ்கிரீமை அவர்கள் முன் வைத்தனர். உணவில் கட்டுப்பாடு பூணாதவர், முன்னர் மிகுதியாகக் குடித்திருந்தால் பின்னர்க் குறைவாக உண்டனர். கட்டுப்பாடு பூண்டவரோ, மில்க் ஷேக் குடித்தபின் மேலும் மிகுதியாக உண்டனர். இதன் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். முதல் வகையினரிடம் வயிறு பேசியது, அவர்கள் கேட்டனர். இரண்டாம் வகையினரிடம் பேசியது விதி. அந்த விதி உடைந்ததும், சொல்வதற்கு அதனிடம் எதுவும் எஞ்சவில்லை. விலக்குக்கு இரண்டே நிலைகள் உண்டு: காத்தல், மீறல். மீறியபின் ஒரு துண்டுக்கும் பத்துத் துண்டுக்கும் விலக்கின் கண்ணில் வேறுபாடு இல்லை. அளவு அப்படிப்பட்டதன்று, மூன்றாம் துண்டின்போதும் அது கேட்கும், நான்காம் துண்டின்போதும் கேட்கும், இனிப்பு திகட்டத் தொடங்கும் இடத்தை அதனால் உணர முடியும். டயட்டின் பெரிய இழப்பு இதுதான். அளவறியும் புலன் பயன்பாடின்றி மழுங்குகிறது. பிறகு அதே மழுக்கம், இந்த மனிதரைத் தன்போக்கில் விடமுடியாது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டு, இன்னும் கடுமையான அடுத்த பட்டியல் கையில் தரப்படுகிறது. மன உறுதியில்லை என்று தம்மையே பழித்துக்கொள்வோர் எத்தனை பேர்! அவர்கள்மீது சுமத்தப்பட்ட அந்தப் பழி அநீதியானது.

சீடன்: உடலும் இதில் பங்கு கொள்கிறதா, அல்லது இது மனத்தின் வேலை மட்டுமா?

குரு: உடலும் கொள்கிறது. கொழுப்பு அணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர் சேமிப்பின் நிலையை மூளைக்கு அறிவிப்பது என்பது 1994இலும், இரைப்பை சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுவது என்பது 1999இலும் வெளிப்பட்டன. 2011இல் மெல்பர்ன் ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, பத்து வாரக் கடும் உணவுக் குறைப்பால் எடை இழந்தவர்களிடம், ஓராண்டு கழிந்த பின்னரும் இந்த இயக்குநீர்கள் பசியை மிகுவிக்கும் நிலையிலேயே இருந்தன. உறக்கம் கெட்டவன் மறுநாள் பகலில் உறங்கினால் அதனைச் சோம்பல் என்று யாரும் பழிப்பதில்லை. உணவு குறைக்கப்பட்ட உடல் உணவைத் தேடினால் மட்டும் உலகம் அதனைப் பேராசை என்கிறது.

சீடன்: அவ்வாறாயின் ஏகாதசியும் ரமலானும் தவறாகுமா? சித்த மருத்துவர் சொல்லும் பத்தியமும் விலக்குத்தானே?

குரு: இவற்றை டயட்டோடு ஒன்றாக வைக்கக் கூடாது. ஏகாதசி நோன்புக்கு மறுநாள், நோன்பு முடித்து உண்ணும் பாரணை உண்டு. ரமலானில் கதிரவன் மறைந்ததும் நோன்புக் கஞ்சி காத்திருக்கும். பத்தியமும் மருந்துண்ணும் காலத்துக்குரியது. அது முடிந்தபின் மறுபத்தியம் இருந்து, படிப்படியாக வழக்கமான உணவுக்குத் திரும்புவதே முறை. நோன்பின் நோக்கம் வழிபாடு, பத்தியத்தின் நோக்கம் மருந்தின் செயல். உடலின் வடிவம் குற்றம் என்னும் தீர்ப்பு இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் முடிவு உண்டு. பாரணை இல்லாத நோன்பாக வாழ்நாள் முழுவதும் நீள்வது டயட் ஒன்றே. எனினும், நோன்பைப் போர்வையாக்கி எடைக்காகப் பட்டினி கிடப்போரும் உண்டு. அங்கே பெயர் எதுவாயினும் நடப்பது டயட்தான்.

சீடன்: திருக்குறள் என்ன சொல்கிறது? மருந்து அதிகாரத்தில் மறுத்து உண்ணும்படியும் கூறப்படுகிறதே.

குரு: அந்த அதிகாரம் முழுவதும் எதை அளவுகோலாகக் கொள்கிறது என்று காண வேண்டும். முன் உண்டது செரித்ததை அறிதல், நன்கு பசித்தபின் உண்ணுதல், வயிற்றுத் தீயின் அளவைக் கடவாமை ஆகிய மூன்றும் உண்பவன் தனக்குள்ளேயே அறியத்தக்கவை. எந்தப் பட்டியலும் அவற்றை அவனுக்காக அறிந்து சொல்ல இயலாது. நீ சுட்டும் மறுத்தலும் உணவையே மறுத்தலன்று. உடலோடு மாறுபடாத உணவை ஏற்றுக்கொண்டு, மிகையை மட்டும் மறுத்தல். மிகை எது என்று அறிவதற்குப் பசி எது என்று முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

மணிமேகலையில் காயசண்டிகையின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. பன்னிரண்டு ஆண்டு உண்ணாதிருந்து ஒரே ஒரு நாவற்கனியை உண்ணக் காத்திருந்த முனிவரின் அக்கனியை அவள் காலால் சிதைத்துவிட, அவர் இட்ட சாபத்தால் எவ்வளவு உண்டும் தணியாத யானைத்தீ என்னும் பெரும்பசி நோய் அவளைப் பற்றியது. அக்காப்பியத்தை இயற்றிய சாத்தனார் இதை வினைப்பயனாகவே சொல்லியிருக்கக்கூடும். ஆயினும் நெடும்பட்டினியும் அடங்காப் பசியும் அக்கதையில் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிறக்கின்றன என்பதைக் காணாமல் இருக்க முடியவில்லை. அந்நோய் தீர்ந்தது மேலும் ஒரு நோன்பால் அன்று. அமுதசுரபி என்னும், அள்ளக் குறையாத பாத்திரத்திலிருந்து கொடுக்கப்பட்ட உணவால்.

சீடன்: உடல் அறியும் என்பதை ஏற்றாலும், இன்றைய கடைவீதியில் அதனால் அறிய முடியுமா? பொட்டலத் தின்பண்டங்கள் அளவை மறக்கச் செய்யவே ஆக்கப்பட்டவை அல்லவா?

குரு: இது வலிமையான மறுப்பு, இதனை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், பால்குடி மறந்த 15 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1939இல் முடிவுகளை வெளியிட்டார். முப்பதுக்கு மேற்பட்ட உணவு வகைகளிலிருந்து குழந்தைகளே தேர்ந்துகொண்டனர். குழந்தை கையை நீட்டிக் காட்டும்வரை எதையும் ஊட்டவோ தூண்டவோ செவிலியர்க்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு குழந்தையின் தேர்வும் வேறுவேறாக இருந்தும் அனைவரும் நலமாக வளர்ந்தனர். ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோயோடு வந்த ஒரு குழந்தை, நோய் தீரும்வரை மீன் ஈரல் எண்ணெயைத் தானே விரும்பிக் குடித்தது. ஆனால் டேவிஸ் நேர்மையானவர். தட்டில் வைக்கப்பட்டவை அனைத்தும் இயற்கையான எளிய உணவுகள் என்பதிலேயே சூட்சுமம் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே உடலறிவு காற்றில் இயங்குவதன்று. வீட்டில் சமைத்த உணவு, உட்கார்ந்து உண்ணும் நேரம், அடுத்த வேளைக்கும் சோறு உண்டு என்னும் உறுதி ஆகியவை அதற்குத் தேவை. அடுத்த வேளை உறுதியில்லாதவரிடம் பசியைக் கேட்டு உண்ணுமாறு சொல்வது கொடுமை. அவர்க்கு முதலில் வேண்டியது உணவு.

சீடன்: சர்க்கரை நோயாளர்?

குரு: அவர் மருத்துவரின் அறிவையும் தம் உடலின் அறிவையும் சேர்த்தே கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் பசி வரட்டும் என்று காத்திருத்தல் ஆபத்தாகும். இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

சீடன்: இம்முறையால் எடை குறையுமா?

குரு: குறையலாம், கூடலாம், மாறாதும் இருக்கலாம். தம் உடலோடு இணக்கம் மிகுதல், அடக்கமுடியாமல் உண்ணும் நிலை குறைதல் ஆகியவற்றோடு இது சேர்ந்து காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எடைக்குறைப்பு வழியாக இது நிறுவப்படவில்லை. எடை குறையும் என்னும் எதிர்பார்ப்போடு தொடங்குபவர், நிறைவை உணர்ந்ததால் நிறுத்துகிறாரா, அஞ்சி நிறுத்துகிறாரா என்பதைத் தாமே அறியமாட்டார்.

சீடன்: எங்கே தொடங்குவது?

குரு: உண்ணாமல் தவிர்த்த வேளைகளை மீட்பதில். காலை உணவைத் தவிர்த்தவர் மாலையில் தம் பசியின் உண்மையான அளவை அறிய இயலாது. பிறகு, அஞ்சி ஒதுக்கிய உணவுகளில் ஒன்றை, மறைவாக நின்றபடி உண்ணாமல், மற்றவரோடு அமர்ந்து, சாப்பாட்டோடு சேர்த்து, சுவையைக் கவனித்து உண்ண வேண்டும்; நாளையும் அது கிடைக்கும் என்பதை உடல் நம்பத் தொடங்கும்வரை இதைத் தொடர வேண்டும். முதல் வாரங்களில் மிகுதியாக உண்ணுதல் நேரலாம்; அதைத் தோல்வி என்று கொண்டு பட்டியலுக்குத் திரும்புவதால்தான் பலர் பாதியில் நின்றுவிடுகின்றனர். பட்டினி கிடத்தலோ, உண்டதை வலிந்து வாந்தியெடுத்தலோ முன்னரே நோயாக முற்றியிருப்பவர் மட்டும் இதனைத் தனியே முயலாமல், மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் உடனிருக்கத் தொடங்க வேண்டும். இத்தகைய நோயாளரிடம் பசிக்குறி நெடுநாள் அடங்கியிருக்கும் என்பதால், அது திரும்பி வரும்வரை நேரம் பார்த்து உணவளிப்பதே அவர்க்குரிய முறை.