மூன்றாம் ஆசிரமத்தில் மனைவி எங்கே?

மனு தர்ம நூலின் ஆறாம் அத்தியாயம் வானப்பிரஸ்தத்தில் தொடங்குகிறது. இல்லறத்தான் தன் உடம்பில் சுருக்கத்தையும் தலையில் நரையையும் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததையும் பார்த்தபின் காட்டுக்குப் போகட்டும் என்கிறது. அடுத்த சுலோகத்தில்தான் மனைவி வருகிறாள். அவளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டும் போகலாம், உடன் அழைத்துக்கொண்டும் போகலாம். திருக்குறளின் 41-ஆம் குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர், இல்வாழ்வான் தாங்க வேண்டிய மூவரில் வானப்பிரஸ்தனையும் ஒருவனாக வைக்கிறார். அந்த உரையிலும் தவம் செய்பவன் கணவன். மனைவி அவனை வழிபட்டு நிற்கிறாள். அவளுக்கும் நரைத்திருக்கும், அந்தப் பேரப்பிள்ளை அவளுக்கும் பேரப்பிள்ளைதான். அந்த வயதில் அவளுடைய தவம் எது என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி படிப்பில் வந்ததல்ல, வாழ்க்கையில் வந்தது. ஐம்பதைத் தாண்டிய வயதில், மகளும் மகனும் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போனபின், நானும் என் கணவரும் பாளையங்கோட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகருக்கு வேலைக்குப் போனோம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவர் பாசனப் பொறியியல் ஆசிரியர். நான் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்தினேன். இருவருக்கும் தனித்தனிப் பணி ஆணை. அங்கே பல்கலைக்கழகப் பாடம் ஆங்கிலத்தில் என்பதால் மொழி தடையாகவில்லை. 2013-இல் போனோம். மாமியார் காலமாகி, வருஷத் திதி கொடுத்து முடித்த பிறகே கிளம்பினோம். அத்தை இருந்தவரை அந்தப் பேச்சையே நாங்கள் எடுத்ததில்லை. பெற்றவர்களைப் பார்க்க ஆளில்லாமல் விட்டுப் போவதை எந்தச் சாஸ்திரமும் வானப்பிரஸ்தம் என்று சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் என் நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். “ஏன் மதினி, பேரன் பேத்தியக் கொஞ்சுற வயசுல கண்காணாத ஊருக்கு எதுக்குப் போறிய? அண்ணன் போகட்டும். நீங்க கோயில் குளம்னு இங்க இருக்கலாம்லா?” என்றாள். அன்பால் கேட்டாள். ஆனாலும் மனு சொன்ன இரண்டு வழியில் முதல் வழி அந்தப் பேச்சில் முழுசாக இருந்தது. கணவன் போகலாம், மனைவி பிள்ளைகளின் பொறுப்பில், பிள்ளைகளின் பிள்ளைகளுக்காக இருக்க வேண்டும். என் வயதுத் தோழிகள் பலர் நியூஜெர்சிக்கும் மெல்பர்னுக்கும் போய், மகள் பிரசவத்தையும் பேரனின் முதல் வருஷத்தையும் பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது பெரிய அன்பு, பெரிய உழைப்பு. ஆனால் அது இல்லறத்தின் தொடர்ச்சி. இல்லறத்துக்கு அடுத்த படி ஒன்று உண்டென்றால், அது பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று அறிய நான் ஆசைப்பட்டேன்.

பஹிர் தாரில் நேரத்தையே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. நாங்கள் போய் இறங்கியபோது அவர்களுக்கு 2006-ஆம் ஆண்டு பிறந்திருந்தது. ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது நாள், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள். மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். “இரண்டு மணிக்கு வகுப்பு” என்று மாணவர் சொன்னால் நம் காலை எட்டு மணி. ஊரில் என் நாள் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தில் தொடங்கி அத்தையின் இரவு மாத்திரையில் முடிந்தது. யாரோ ஒருவரின் தேவைதான் என் கடிகாரம். இங்கே முதன்முறையாக, எல்லோருக்கும் பொதுவான சூரியன் என் நாளைத் தொடங்கிவைத்தது. அது விடுதலையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. யாருக்கும் தேவைப்படாத ஒரு காலைப் பொழுதில் நான் யார்?

இதற்குப் பதிலை எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் பார்த்தேன். கணவர் இறந்தபின், பிள்ளைகள் அடிஸ் அபாபாவில் நிலைபெற்றபின், அவர் கன்னியாஸ்திரீயாகத் துறவு வாங்கியிருந்தார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் வயதான கைம்பெண்கள் இப்படித் துறவு ஏற்பது வழக்கம். பலர் மடத்துக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே இருப்பார்கள். தலையில் துறவுக் குல்லா, மேலே வெள்ளைப் போர்வை. அக்கம்பக்கத்தார் அவரை “எமாஹோய்” என்று கூப்பிடுவார்கள். துறவிப் பெண்ணுக்கு அங்கே அதுதான் மரியாதை விளி. விடியுமுன் தேவாலயம் போவார். புதன், வெள்ளி விரத நாள். பிற்பகல் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது, அதற்கு மேலும் பால், முட்டை, இறைச்சி கிடையாது. ஈஸ்டருக்கு முன் 55 நாள் இதே விரதம். மாதந்தோறும் அவர்கள் நாட்காட்டியில் 21-ஆம் நாள் மரியாளின் நாள். அன்று வேகவைத்த தானியத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய்த் தேவாலய வாசலில் இருக்கும் ஏழைகளுக்குக் கொடுப்பார்.

அதே எமாஹோய் வீட்டு வாடகையை எண்ணி வாங்குவார், கூரை ஒழுகினால் ஆள் வைத்துப் பார்ப்பார், பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைப்பார். வேலை எதையும் அவர் துறக்கவில்லை. “என் பிள்ளைகள் எனக்கு என்ன செய்தார்கள்” என்ற கணக்கை மட்டும் துறந்திருந்தார். அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு ஒருநாளும் வந்து நான் கேட்டதில்லை. என் வயதுப் பெண்கள் நாலு பேர் கூடினால் முதலில் வருவது அந்தப் பேச்சுதான் என்பதால் அது என் காதில் உறைத்தது.

ஒரு விரத நாள் பிற்பகலில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இன்ஜெரா, தாம்பாளம் அளவு ஆப்பம் போல, நடுவில் விரிந்திருந்தது. அதன்மேல் கொண்டைக்கடலை மாவில் காய்ச்சிய ஷிரோ, பருப்பு, கீரை. எல்லோரும் ஒரே தட்டில். நான் தயங்கினேன். எச்சில் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த சைவ வீட்டுப் பெண் நான். எமாஹோய் இன்ஜெராவைக் கிள்ளி, ஷிரோவைத் தொட்டுச் சுருட்டி, நேராக என் வாய்க்குக் கொண்டுவந்தார். குர்ஷா என்பார்கள், மரியாதைக்கும் அன்புக்கும் அடையாளமாக ஒருவருக்கு ஒருவர் ஊட்டிவிடுவது. வாங்கிக்கொண்டேன். என் அம்மாவுக்குப் பிறகு யாரும் எனக்கு ஊட்டியதில்லை. பிறகு நான் பிள்ளைகளுக்கு ஊட்டினேன், கடைசிக் காலத்தில் அத்தைக்கு ஊட்டினேன். அந்தக் கைகள் ஒவ்வொன்றும் ஒரு உறவுக்குக் கட்டுப்பட்டவை. எமாஹோய்க்கு நான் மகளும் இல்லை, மருமகளும் இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் எதுவும் அந்தக் கவளத்தில் இல்லை. உறவின் கடனைத் தாண்டியும் அன்பு வேலை செய்யும் என்பதை, பல வருஷம் திருமுறை ஓதியும் நான் அறிவால் மட்டுமே அறிந்திருந்தேன். அன்றைக்கு உடம்பால் அறிந்தேன்.

துறவு எல்லா இடத்திலும் பெண்ணுக்கு இப்படி வழிவிடுவதில்லை. பஹிர் தார் இருப்பது தானா ஏரிக்கரையில்; நீல நைல் புறப்படும் ஏரி. அதன் தீவுகளில் பல நூற்றாண்டுகளாகத் துறவி மடங்கள் உண்டு. கெப்ரான் கேப்ரியேல் மடத்தீவில் பெண்களை உள்ளே விடுவதில்லை. அங்கே படகில் போனபோது நான் துறையோடு நின்றேன். என் கணவர் மேலே போகாமல் என்னோடு கரையில் உட்கார்ந்துகொண்டார். “நீ பார்க்க முடியாததை நான் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகுது” என்றார். பிள்ளைகள் பிறந்தபின் எங்கள் பேச்செல்லாம் கட்டணம், மதிப்பெண், மருந்து, கடன் தவணை என்றே போயிருந்தது. அன்றைக்கு அந்தக் கரையில் கடவுளைப் பற்றிப் பேசினோம். நாலுவேளை அபிஷேகம் நடக்கும் கோயில் இல்லாத ஊரில் கடவுள் எங்கே இருக்கிறார் என்று அவர் கேட்டார். ஊரில் இருந்தபோது ஒருதடவைகூட நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

இந்த மூன்றாம் பருவத்தைத் தொல்காப்பியம் மனுவைப் போலன்றி வேறு விதமாகப் பார்க்கிறது. கற்பியலின் இறுதிப் பகுதியில், காமம் நிறைவெய்திய பிற்காலத்தில், காப்பாக நிற்கும் மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும், தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பழகுவதே கடந்த வாழ்வின் பயன் என்கிறது. காடும் இல்லை, மனைவியை ஒப்படைப்பதும் இல்லை. இருவரும் சேர்ந்தே பழகுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த வெளிச்சம் இதுதான். சிறந்தது எது என்பதை இருவரும் தேட வேண்டும். அந்தத் தேடலில் மனைவிக்கும் சம பங்கு உண்டு.

எனக்குச் சிறந்தது கற்பித்தலாக அமைந்தது. மகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவள் தவறு ஒவ்வொன்றும் என்னைப் பதறவைத்தது; அவள் மதிப்பெண்ணில் என் மானம் கலந்திருந்தது. பஹிர் தாரில் ஒரு மாணவி. கோஜம் பகுதிக் கிராமத்திலிருந்து வந்தவள். தொகை நுண்கணிதத்தில் எல்லை போடுமிடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினாள். மாலையில் கரும்பலகை முன் இருவரும் நிற்போம். ஒருநாள் சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி, படத்தை முதலில் வரைந்து, பரப்பைக் கோடிட்டு நிரப்பி, எல்லைகளைத் தானே எழுதினாள். எனக்கு மகிழ்ச்சி பொங்கியது, பதற்றம் துளியும் இல்லை. அவள் வெற்றி அவளுடையது. பருவம் முடிந்தது, அவள் போனாள், அடுத்த வகுப்பு வந்தது. என் கணவர் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் நடந்து பார்த்து வளர்ந்தவர். மெராவிக்குப் பக்கத்தில் சுமார் 7,000 ஹெக்டேருக்கு நீர் பாயும் கோகா பாசனத் திட்டத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராததைப் பார்த்து, மருதூர் அணைக்கட்டுக் கால்வாய்க்கு வருந்துவது போலவே வருந்துவார். அந்த வயலில் அவருக்கு ஒரு செண்ட் கிடையாது.

சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை வானப்பிரஸ்தம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தச் சம்பளத்தில் மகளின் கல்விக் கடனை அடைத்தோம். ஆனால் மனுவின் வனவாசியும் சும்மா இருப்பதில்லை. காட்டில் கிடைப்பதைக்கொண்டு ஐந்து வேள்விகளையும் செய்கிறான், வந்த விருந்தைப் பேணுகிறான். ஆண்டுக்கொருமுறை ஆசுவயுஜ மாதத்தில், சேர்த்துவைத்த உணவையும் பழைய துணியையும் விட்டுவிட வேண்டும் என்பது அவனுக்கு விதி. வேலை தொடர்கிறது, சேர்ப்பு நிற்கிறது. கடனைத் தீர்ப்பது அறம். தீர்ந்தபிறகும் சேர்த்துக்கொண்டே போகிறோமா என்பதில்தான் சோதனை இருக்கிறது. கடன் அடைந்த ஆண்டு நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, சம்பளத்தில் இனி எதைச் சேர்ப்பதில்லை என்று உட்கார்ந்து பேசி எழுதி வைத்தோம்.

மகளுக்குப் பிரசவ நேரம் வந்தபோது நான் விடுப்பில் வந்தேன், பத்தியம் வடித்துப் போட்டேன், பேத்தியைக் குளிப்பாட்டினேன், பிறகு திரும்பிப் போனேன். மகள் அழுதாள். மகாபாரதத்தில் போர் முடிந்து மகன்கள் அரசாளும்போது குந்தி காட்டுக்குப் புறப்படுகிறாள். மகன்கள் கெஞ்சியும் திரும்பவில்லை. மகன்களிடம் ஒப்படைக்கப்படாமல், தானே முடிவெடுத்துப் போன பெண் அவள். ஆனால் அவளும் திருதராஷ்டிரனுக்கும் காந்தாரிக்கும் பணிவிடை செய்யத்தான் போகிறாள். பெண் தவத்துக்குப் போகவும் ஒரு பணிவிடை காரணமாகத் தேவைப்பட்டிருக்கிறது. என் மகளிடம் அப்படிக் காரணம் எதுவும் சொல்லவில்லை. “எனக்கு அங்கே வேலை இருக்கு, அது எனக்குப் பிடிச்சிருக்கு” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிம்மா, போயிட்டு வா” என்றாள்.

பற்று விட்டால் கவலையும் விட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஊர் திரும்பியபின், 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் போர் மூண்டது. 2023 ஆகஸ்டில் பஹிர் தாரும் கோஜமும் இருக்கும் அம்ஹாரா பகுதியே போர்க்களமாகி, இணையமும் துண்டிக்கப்பட்டது. கோஜம் பெயர் செய்தியில் வந்தபோதெல்லாம் என் வயிறு கலங்கியது. அந்த மாணவர்கள் என்னுடையவர்கள் அல்லர். அவர்களால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவேண்டியது ஒன்றுமில்லாதவர்களுக்காகக் கலங்குவதைத்தான் நம் பெரியவர்கள் அருள் என்றார்கள் என்று நினைக்கிறேன். இல்லறத்தில் பழகிய அன்பு, உறவின் எல்லை தாண்டி அருளாக வளர வேண்டும். அதற்கான காலம் மூன்றாம் பருவம். அந்த வளர்ச்சி ஆணுக்கு மட்டும் விதிக்கப்பட்டது என்று நான் நம்பவில்லை.

இதற்கு எல்லோரும் பஹிர் தார் போக வேண்டியதில்லை. எமாஹோய் தன் சொந்த முற்றத்திலேயே செய்துகாட்டினார். எங்களுக்கு அந்தத் தூரம் தேவைப்பட்டது. கேட்பாரில்லாத இடத்தில்தான் எங்கள் கேள்விகள் எங்கள் காதில் விழுந்தன. பிள்ளைகள் தலையெடுத்த வீட்டில் கணவனிடம் “ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போறீங்க?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனைவியிடமும் அதைக் கேளுங்கள். கணவர் கேட்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். அவள் சொல்லும் பதிலுக்கு வீட்டில் இடமும், கையில் காசும், போய்வர அனுமதி தேவைப்படாத சுதந்திரமும் கொடுங்கள். பழைய நூல்கள் அவளிடம் கேட்காமல் விட்டதைக் கேட்க வேண்டிய பொறுப்பு, அந்த நூல்களை மதிக்கிற நமக்குத்தான் அதிகம்.