நீதியாசனமும் 'எங்கட ஆள்' என்ற எண்ணமும்



மேல் நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதிகள் நியமனம் பெற்ற செய்தி வெளிவந்தால், நம்மில் பலர் முதலில் பார்ப்பது பெயரைத்தான். தமிழரா, எந்தச் சமயம், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்கின்றோம். அவர் எத்தகைய தீர்ப்புகளை எழுதியவர் என்று கேட்போர் மிகச் சிலரே. நீதிபதியைத் தெரிவு செய்யும்போது இனம் பார்க்கப்பட வேண்டுமா? அல்லது திறமை ஒன்றே போதுமா?

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. 1971இல் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வேண்டும் என்று வகுக்கப்பட்டது. உரும்பிராயில் சிலையாக நிற்கும் பொன். சிவகுமாரன், 1974 யூன் 5ஆம் நாள் உயிர் நீத்தவர், அந்தத் தரப்படுத்தலால் கொதித்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் சென்ற வழியைப் பற்றிய தீர்ப்பை இங்கு நாம் கூறவில்லை. ஆனால் "திறமைக்கு இடம் கொடுங்கள்" என்று அன்று எழுந்த குரல் நியாயமான குரல். அப்படிக் குரல் எழுப்பிய நாமே, நீதிபதி நியமனம் என்றதும் "எங்கட ஆளுக்கு இடம் கொடுங்கள்" என்று கேட்கலாமா?

அவசரப்பட்டு விடை கூறாதிருப்போம். இன்று பல்கலைக்கழக அனுமதியில் ஒரு பகுதி மாவட்ட அடிப்படையில் நடைபெறுகின்றது. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஐந்து வீத இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளைகளும் அதனால் பயன் பெறுகின்றனர். ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பிள்ளைக்குக் கைகொடுப்பது வேறு. ஒருவன் பேசும் மொழிக்காக அவனுக்குத் தடை போடுவது வேறு. முன்னையது நீதி, பின்னையது அநீதி.

அப்படியானால் நீதிபதி பதவிக்கும் இவ்வாறே சலுகை வழங்கலாமா? இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். பல்கலைக்கழக இடம் மாணவனுடைய நன்மைக்காக உள்ளது. குறைந்த புள்ளியுடன் நுழைந்தவனும் சில ஆண்டுகளில் கற்றுத் தேறிவிடலாம். நீதியாசனமோ அதில் அமர்பவருக்காக உள்ளதன்று. அதன் முன்னால் கைகட்டி நிற்பவருக்காக உள்ளது. காணியை இழந்த விதவையும், தடுப்புக் காவலில் இருக்கும் இளைஞனும், நீதிபதி தொழில் பழகும் வரை காத்திருக்க முடியாது. ஆகவே இனத்துக்காகத் தகுதியைக் குறைக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் தகுதி என்பது எது? சட்ட அறிவு மட்டுமா? 1988இன் பதினாறாம் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழும் நீதிமன்ற மொழியாகும். சாட்சி தமிழில் அழுது சொல்வதை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்பது ஒன்று. நேரே கேட்டு விளங்குவது இன்னொன்று. எனவே தமிழறிந்த நீதிபதி வேண்டும் என்பது சலுகை கேட்பதாகாது. அதுவும் தகுதியின் ஒரு பகுதியே. அந்தத் தமிழை நன்கு கற்ற சிங்களவரையும் முஸ்லிமையும் நாம் அதே மனத்தோடு வரவேற்க வேண்டும்.

மேலும், "திறமை" என்ற சொல்லே சில வேளைகளில் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகிவிடுகின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1950இல் தொடங்கியது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் முதன்முதலாக அதன் நீதிபதியானது 1980இல். அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராசன். முதற் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வந்தது 1989இல். அதற்கு முன் அம்மக்களிடையே திறமை இருக்கவில்லையா? இருந்தது; தேடுவார் இருக்கவில்லை.

அதேவேளை, பெயர் மட்டும் நீதியைக் கொண்டுவராது. 1984 முதல் 1988 வரை நம் நாட்டின் பிரதம நீதியரசராக இருந்தவர் எஸ். சர்வானந்தா என்னும் தமிழர். அதே ஆண்டுகளிலேதான் போர் மூண்டு எரிந்தது. உச்சியில் ஒருவர் இருப்பது பெருமை தரலாம்; நியமன முறையே நேர்மையாக இருப்பதுதான் மக்களுக்குக் காவல்.

மோசே நீதிபதிகளைத் தெரிந்துகொண்ட வரலாற்றை நாம் அறிவோம். மாமனார் எத்திரோ சொன்ன தகுதிகள் ஆற்றல், இறையச்சம், உண்மை, கைக்கூலியை வெறுத்தல் என்பன. குலத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஆயினும் இணைச்சட்ட நூலில் பார்த்தால், அத்தகையோர் எல்லாக் குலங்களிலிருந்தும் தேடப்பட்டனர். தகுதியில் விட்டுக்கொடுப்பு இல்லை; தேடலில் ஓரவஞ்சனை இல்லை. அந்நியனுடைய வழக்கையும் நேர்மையாகக் கேட்கவேண்டும் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை.

வாசகரே, கொழும்பில் நடைபெறும் நியமனங்களை நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் பங்குச் சபைக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், சனசமூக நிலையத்துக்கும் ஆட்களைத் தெரிவு செய்பவர்கள் நாமே. அங்கே "ஆர் எந்தப் பகுதி?" என்று காதோடு காதாகக் கேட்டுவிட்டுக் கை உயர்த்துகின்றோம் அல்லவா? தகுதியுள்ள ஒருவரை அவருடைய சாதிக்காகவோ ஒழுங்கைக்காகவோ ஒதுக்கும்போது, அவருக்கு மட்டும் 250 புள்ளி வேண்டும் என்று கேட்பவர்கள் நாமாகிவிடுகின்றோம். அடுத்த கூட்டத்தில் கை உயர்த்துமுன் இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.