தேங்கி நிற்கும் கார்களும் வாங்குபவரின் மனச்சான்றும்

பதுக்கல்காரன், கலப்படக்காரன், நிறுவையில் குறைப்பவன் என்று விற்பவனுடைய அநியாயங்களுக்கு நம்மிடம் எத்தனையோ பெயர்கள் உண்டு. வாங்குபவனுடைய அநியாயத்துக்கு ஒரு பெயர்தானும் இல்லை. அடிமாட்டு விலைக்கு வாங்கியவனைக் கெட்டிக்காரன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நீதிமொழிகள் நூல் மட்டும் அவனை விட்டுவைக்கவில்லை. கடையில் நிற்கும்வரை பொருளைப் பழித்துவிட்டு, அப்பால் போனதும் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்கிறவனை அதன் 20ஆம் அதிகாரம் நம் கண்முன் நிறுத்துகிறது.

அன்பான வாசகரே, அந்த மனிதனை இன்றைய கார் விற்பனை நிலையம் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள். அதுவும் கார்கள் விலைபோகாமல் தேங்கி, விற்பவர் திண்டாடும் வேளையில். அவர் திண்டாட்டத்தைப் பயன்படுத்தி விலையை எவ்வளவும் அடித்து இறக்கலாமா? அமெரிக்காவில் இந்நிலை பலமுறை நேர்ந்திருப்பதால் அங்கிருந்தே உதாரணம் எடுப்போம்.

அந்நாட்டில் விற்பனையாளரின் முற்றத்தில் நிற்கும் புதிய கார்கள் பெரும்பாலும் கடன் பணத்தில் வாங்கப்பட்டவை. ஒவ்வொன்றும் விற்கப்படும்வரை அதன்மீது வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 60 நாள் விற்பனைக்குப் போதுமான கையிருப்பே அளவானது என்பது அத்தொழிலின் பழைய கணக்கு. அதற்கு மேல் நின்றால் லாபத்தை வட்டி தின்னும். போதாக்குறைக்கு, அடுத்த ஆண்டின் மாதிரி வந்திறங்கிவிட்டால், ஒரு மைல்கூட ஓடாத கார் 'பழைய ஆண்டுக் கார்' ஆகிவிடும்.

1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து அங்கே கார் விற்பனை படுத்தது. 1975 ஜனவரியில் கிறைஸ்லர் நிறுவனம், வாங்குபவருக்கு 200 முதல் 400 டொலர் வரை திருப்பிக் கொடுப்பதாக விளம்பரம் செய்தது. 2008இல் வந்த நெருக்கடி இதிலும் கொடியது. 2007இல் சுமார் 160 இலட்சமாக இருந்த ஆண்டு விற்பனை 2009இல் சுமார் 104 இலட்சமாக விழுந்தது. கப்பலில் வந்திறங்கிய கார்கள், போக இடமின்றி, கலிபோர்னியாவின் லோங் பீச் துறைமுகத்தில் அடுக்கி நிறுத்தப்பட்டன. வாங்கி ஓராண்டுக்குள் வேலை போனால் காரைத் திருப்பித் தந்துவிடலாம் என்றுகூட ஹியுண்டாய் நிறுவனம் 2009 ஜனவரியில் அறிவித்தது.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெரும் இறையியல் தொகுப்பில் நீதியான விலையைப் பற்றி ஆராய்ந்தார். வாங்குபவனுக்குள்ள விசேட தேவையைக் காரணம் காட்டி விற்பவன் விலையை ஏற்றக்கூடாது என்கிறார் அவர். காரணம் கவனிக்கத்தக்கது: அந்தத் தேவை வாங்குபவனுடையது, தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை விற்பவன் எப்படி விற்கலாம்? இந்த வாதத்தை மறுபுறமாகத் திருப்பிப் பாருங்கள். விற்பவனுடைய இக்கட்டும் அவனுடையதே. அதைக் காசாக்கி விலையில் கழிக்க நமக்கு என்ன உரிமை?

அப்படியானால் மலிவு விற்பனையில் கார் வாங்கியவரெல்லாம் பாவம் செய்தவரா? அல்லவே அல்ல. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லூயிஸ் டி மொலினா முதலிய ஸ்பானிய இறையியலாளர்கள், நீதியான விலை என்பது கல்லில் பொறித்த எண் அன்று, பொருள் மிகுந்தால் இறங்கும், அருகினால் ஏறும் என்று தெளிவாகவே கற்பித்தனர். ஊரெங்கும் கார்கள் மிதமிஞ்சிக் கிடக்கும்போது இறங்கிய விலை எல்லாருக்கும் இறங்கிய விலை. அதுவே அந்நாளின் நீதியான விலை. கணக்குத் தவறி அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்த பெரிய நிறுவனம் தரும் தள்ளுபடியைப் பெற எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. தாராளமாகப் பேரம் பேசலாம்.

சிக்கல் வருவது, விலை ஒருவருக்கு மட்டும் இறங்கும் இடத்தில். 2009 மே 14இல் கிறைஸ்லர் நிறுவனம் 789 விற்பனையாளர்களின் ஒப்பந்தங்களை முடிக்கப்போவதாக அறிவித்தது. ஜூன் 9உடன் அவை முடிந்தன. தேங்கிய கார்களை நிறுவனம் நேரே திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வேறு விற்பனையாளர்களுக்கு மாற்றிவிட உதவுவதாகவே சொன்னது. மூன்று தலைமுறையாகக் கடை நடத்திய குடும்பமாயினும் கணக்கு முடிக்க நான்கு வாரமும் இல்லை. ஜூன் 8ஆம் திகதி மாலை அக்கடைக்குள் நுழைகிறவர், அடுத்த தெருவில் அதே கார் என்ன விலைக்குப் போகிறதென்று நன்கு அறிவார். அதற்கும் கீழே அவர் கேட்கும் ஒவ்வொரு டொலரும் சந்தை தந்ததன்று; அந்தக் குடும்பத்தின் கழுத்திலிருந்த கயிறு தந்தது. சட்டம் அவரைத் தொடாது. அக்குவினாசின் கேள்வி தொடும்.

இன்னொருவரையும் மறந்துவிடக்கூடாது. நமக்குக் காரைக் காட்டி விளக்கும் விற்பனை ஊழியருக்கு அந்நாட்டில் பெரும்பாலும் காரில் வரும் லாபத்தின் பங்கே கூலி. நிறுவனம் தரும் தள்ளுபடி அவர் பங்கைத் தொடாது. கடைசி நூறு டொலருக்காக ஒரு சனிக்கிழமை முழுவதும் இழுத்தடிக்கும் பேரம் அவரையும் தொடும். அவரோடு மூன்று மணிநேரம் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐம்பது டொலர் குறைவென்று வேறிடத்தில் வாங்குவதை அநீதி என்று சொல்லமாட்டேன். அற்பத்தனம் என்று சொல்வேன். "வேறு கடையில் இதைவிடக் குறைத்துத் தருகிறார்கள்" என்று இல்லாததைச் சொல்லி விலையை இறக்குவதோ பச்சைப் பொய். பேரம் என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடாது.

சக்கரம் சுழலும் என்பதும் உண்மை. 2021இல் மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் கார் உற்பத்தி தடைப்பட்டபோது, அமெரிக்க விற்பனையாளர் பலர் குறித்த விலைக்கு மேலே ஆயிரக்கணக்கான டொலர்களை ஏற்றினர். நம் நாட்டிலும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், ஓடித் தேய்ந்த காரைத் தாம் வாங்கிய விலைக்கும் மேலாக விற்றவர்கள் நம்மிடையே உள்ளனர். அது தட்டுப்பாட்டின் விலை. எல்லாருக்கும் ஏறிய விலை. மொலினாவின் கணக்குப்படி அதையும் குறைகூற இயலாது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோக வாகனம் தேடி வந்தவரிடம் அதற்கும் மேலே கேட்டிருந்தால், அது வேறு கணக்கு.

நம்மில் அநேகர் அமெரிக்காவில் கார் வாங்கப் போவதில்லை. ஆனால் வெளிநாடு செல்லும் குடும்பம் வீட்டு வாசலில் நிறுத்தி விற்கும் காரை நாம் அறிவோம். விசா வந்துவிட்டது, பயணத் திகதியும் ஊருக்குத் தெரியும். வாங்க விரும்புகிறவர் இரண்டுமுறை வந்து பார்ப்பார், கதவைத் திறந்து மூடுவார், "யோசித்துச் சொல்கிறேன்" என்பார். பயணத்துக்கு முதல்நாள் இரவு மூன்றாம் முறை வந்து, பாதி விலையை மேசையில் எண்ணி வைப்பார். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தொகைக்கும் மேசையில் கிடக்கும் தொகைக்கும் இடையிலுள்ள பணம் யாருடையது?