தாய்மைக்கு முகவரி உண்டோ?

சரோஜினி நகரை அறியாத தில்லித் தமிழர் அரியர். அரசு ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த அந்நகரின் அருகிலேயே சப்தர்ஜங் மருத்துவமனை உண்டு. 1954-இல் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டமும் அவ்வூழியர்க்குத் துணைநின்றது.

அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள ஜங்புராவில், 2009 மே திங்களில், வீடற்ற ஏழைப்பெண் ஒருத்தி மரத்தடியில் மகவை ஈன்றாள். அவ்வழக்கில் தில்லி உயர்நீதிமன்ற நீதியரசர் முரளிதர் 2010 சூன் 4-ஆம் நாள் தீர்ப்பளித்தார்: தாயின் நலம் காத்தல் உயிர்வாழும் உரிமையின் பிரிக்கவொண்ணாக் கூறு.

அரசு மருத்துவமனையின் வாயில் எவர்க்கும் திறந்ததுதானே என்பர் சிலர். மெய்தான். ஆயின், அவ்வாயிலை அடைய வண்டிக்கூலி வேண்டும். உடன்வருவோர் ஒருநாள் ஊதியத்தை இழக்கவேண்டும். பேற்றுக்குப் பின் பெருகும் உதிரப்போக்கோ சில மணி நேரமும் பொறுப்பதில்லை.

ஜங்புராவில் தமிழர் வாழ்ந்த மதராசி கேம்ப் 2025 சூன் 1-இல் இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கொள்ளப்பட்டோர்க்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீடு மாறியது, மருத்துவமனைக்குள்ள தொலைவும் மாறியது.

2018–20 கணக்கின்படி இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தமிழகத்தில் 54 தாயரும் அசாமில் 195 தாயரும் மாண்டனர். கருவிலுள்ள குழவி தன் தாயின் முகவரியைத் தேர்ந்துகொள்வதில்லை.

உரிமை என்பது ஏட்டில் இருந்தால் போதாது, உரியவரைச் சென்றடையவேண்டும். நம் இல்லங்களில் பணிபுரியும் பெண் கருவுற்றால், ஊதியத்துடன் விடுப்பும், நள்ளிரவிலும் வண்டிக்கு வழியும் நாம் செய்வோமா? நம் அறம் அங்கே தொடங்கட்டும்.