அரணும் வினாவும்: திருகோணமலை எழுப்பும் ஓர் அறச்சிக்கல்

கல்வி, நெற்செய்கை, மீன்பிடி, வீதி ஆகியன பற்றி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பாராளுமன்றத்திலே அமைச்சரைக் கடிந்து வினவுவாராயின், அது அவர்தம் கடமை எனக் கொள்ளப்படுகின்றது. அதே உறுப்பினர் படை, படைத்தளம், பிறநாட்டோடு செய்யப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கை ஆகியன பற்றி அதே குரலில் வினவுவாராயின், அவர்தம் நாட்டுப்பற்றே ஐயத்துக்கு உள்ளாகின்றது. ஒரே செயல் ஓரிடத்திற் கடமையாகவும் மற்றோரிடத்தில் இரண்டகமாகவும் கருதப்படுவதேன்? பாதுகாப்புத் துறை ஏனைய துறைகளினின்றும் அறவகையில் வேறுபட்டதா? இவ்வினாவை ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு மிகப் பொருத்தமான உரைகல்லாக அமைகின்றது.

ஆழமும் பரப்பும் ஒருங்கே வாய்ந்த இவ்வியற்கைத் துறைமுகத்தை வைத்திருப்போர் வங்கக் கடலை நோக்கி நிற்கலாம் என்பதால், அது பலமுறை கைமாறியது. 1782 ஆம் ஆண்டில் மாத்திரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் இதனைக் கைப்பற்றினர். 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகியது. இம்மாற்றங்களுள் எதிலும் கரையில் வாழ்ந்தோரின் விருப்பு வினவப்படவில்லை. 1931 இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியபோதும், பாதுகாப்பும் வெளிவிவகாரமும் மக்கள் தெரிந்தெடுத்த அமைச்சர்களிடம் விடப்படாது பிரதம செயலாளரின் பொறுப்பிலேயே வைக்கப்பட்டன. 1942 ஏப்பிரில் 9 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. 'ஹேமிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அரண் எனக் கட்டப்பட்டதே பகைவனின் இலக்காயிற்று. தளத்தின் அருகே வாழ்வோர் அதன் விலையைத் தம் உடலாற் கொடுக்கின்றனர். அதனை அமைப்பதா என்ற தீர்மானம் தொலைவில் உள்ள ஓர் அறையில் நிகழ்கின்றது. பாதுகாப்புப் பற்றிய அறச்சிக்கலின் வேர் இவ்விடைவெளியிலேயே உள்ளது.

1947 நவம்பர் 11 ஆந் தேதி டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டார். சுதந்திரத்துக்குப் பின்னரும் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் பிரித்தானியாவின் கையிலேயே இருந்தன. அன்றைய அரசியற்றிட்டத்தின்படி பாதுகாப்பு, வெளிவிவகாரம் ஆகிய இரண்டும் பிரதம மந்திரியின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும்; எனவே உடன்படிக்கைக்கு விடையிறுக்க வேண்டியவரும் அவரே. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த கலாநிதி என். எம். பெரேரா, கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் முதலிய இடதுசாரிகள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அந்நியப் படை நிலைகொண்டுள்ள நாடு பெற்றது போலிச் சுதந்திரமே என்பது அவர்தம் வாதத்தின் சாரம். உடன்படிக்கைக்கு முடிவுத் தேதி எதுவும் விதிக்கப்படாமை அவ்வாதத்துக்கு வலுவூட்டியது.

சேனநாயக்காவின் நிலைப்பாட்டையும் நேர்மையுடன் எடைபோடல் வேண்டும். சுதந்திரத்தின்போது இலங்கைக்கெனத் தனிக் கடற்படை இருந்ததில்லை. 1950 இலேயே அது நிறுவப்பட்டது. சிறுநாடு ஒன்று தன் காலில் நிற்கும்வரை அறிந்த நண்பனின் துணையை நாடுதல் விவேகமே எனக் கூற இடமுண்டு. மேலும், எதிர்க்கட்சியினர் கூறியவை யாவும் மெய்ப்பிக்கப்பட்டன எனவுங் கொள்ளமுடியாது. உடன்படிக்கை நடைமுறையில் இருந்தபோதே, 1952 இல், மேலைநாடுகளின் அதிருப்தியைப் பொருட்படுத்தாது இலங்கை சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தஞ் செய்தது. 1948 இல் இலங்கையின் சுதந்திரத்தை ஐயுற்று ஐக்கிய நாடுகள் சபை அனுமதியைத் தடுத்த சோவியத் ஒன்றியம், தளங்கள் அகலாத நிலையிலேயே 1955 இல் அத்தடையைக் கைவிட்டது. 1957 இல் தளங்கள் பேச்சுவார்த்தை மூலமே திரும்பப் பெறப்பட்டன. போலிச் சுதந்திரம் என்ற தீர்ப்பு மிகையானது என்பதை இவை காட்டுகின்றன.

ஆயினும் தீர்ப்பு வேறு, வினா வேறு. 'இவ்வுடன்படிக்கை எந்நாளில் முடிவுறும்? எப்போருக்கு இத்துறைமுகம் பயன்படுத்தப்படும்? அதனை முடிவு செய்வோர் யாவர்?' என்ற வினாக்கள், கேட்டோரின் முடிபு பிழைத்தபோதும் பிழைபடாதவை. வினவுவோன் விடையையும் சரியாகச் சொல்லவேண்டும் என நிபந்தனை விதித்தால் எவரும் வினவமுடியாது. ஏனெனில் விடைக்குத் தேவையான ஆவணங்கள் அரசாங்கத்தின் பெட்டகத்திலேயே உள்ளன.

பாதுகாப்பு ஆய்வுக்கு எதிராகப் பொதுவாக மூன்று நியாயங்கள் எடுத்துரைக்கப்படுகின்றன. முதலாவது இரகசியம். பீரங்கி எங்கே வைக்கப்பட்டுள்ளது, கப்பல் எப்போது புறப்படும் என்பன மறைக்கப்பட வேண்டியவையே. அவற்றைச் சபையிற் கேட்பவர் பொறுப்பற்றவர். ஆனால் எந்நாட்டுக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு பணம் செலவாகின்றது, எவர் நிலம் எடுக்கப்பட்டது என்பன பகைவனுக்கு மறைக்கப்படுபவை அல்ல. பகைவன் பெரும்பாலும் அவற்றை அறிவான். அவை மறைக்கப்படுவது சொந்த மக்களிடமிருந்தே. இரண்டாவது நியாயம் நிபுணத்துவம். போர்க்கலை அறியாத உறுப்பினர் எங்ஙனம் படையை மதிப்பிடுவார் எனக் கேட்கப்படும். மருத்துவம் அறியாதாரும் மருத்துவமனையின் நிலையை வினவலாம் என்பதே இதற்கு விடையாகும்.

மூன்றாவது நியாயமாகிய ஒற்றுமையே வலிமை மிக்கது. அபாய காலத்தில் ஒரே குரல் வேண்டும் என்பதை முற்றாக மறுக்க முடியாது. எனினும் அபாயம் உண்டா என்பதையே அரசாங்கம் தனித்துத் தீர்மானிக்குமாயின், ஒற்றுமைக் கோரிக்கை எக்காலத்துக்கும் நீளும். இதனாற்போலும் 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பிரகடனப்படுத்தப்படும் அவசரகால நிலை மாதந்தோறும் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படும் வழக்கம் ஏற்பட்டது. கடிந்துரைப்போரைத் துணையாகக் கொள்ளாத அரசன், கெடுக்கும் பகைவர் இல்லாதவிடத்தும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. கடிந்துரையை அரணுக்கு எதிரானதாக அன்றி அரணின் ஓர் உறுப்பாக நோக்கும் பார்வை இது.

ஒற்றுமை என்ற நியாயம் சிறுபான்மை உறுப்பினர்மீது இருமடங்கு பாரமாக விழுவது ஈண்டு கருதற்பாலது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அடுத்து, 1981 யூலையில், எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கத்தின் மீதே ஆளுந்தரப்பினர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினர். ஆட்சியைக் கணக்குக் கேட்பதற்கென்று ஏற்பட்ட கருவி, கணக்குக் கேட்பவர்மீது திருப்பப்பட்டது. திருகோணமலை மாவட்டத்திலே சம்பூர் மக்கள் 2006 இல் போரால் இடம்பெயர்ந்தனர். 2007 இல் அவர்தம் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரும், 2015, 2016 ஆம் ஆண்டுகள் வரை பெரும்பாலானோர் தம் காணிக்குத் திரும்ப இயலவில்லை. அம்மாவட்டத்தின் உறுப்பினரும் 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவருமாய் இருந்த இரா. சம்பந்தன் போன்றோர் இந்நிலத்தைப் பற்றிப் பேசியபோது, அது காணிப் பிரச்சினையா, பாதுகாப்புப் பிரச்சினையா எனப் பிரித்தல் அரிதாயிற்று. வேலிக்குள் அகப்பட்ட வயலின் உரிமையாளனுக்கு இரண்டும் ஒன்றே.

இனி, மிகக் கடினமான வினாவுக்கு வருதல் வேண்டும். எதிர்க்கட்சியினர் கூறுவது அறத்தாற் பிறந்ததா, பதவி ஆசையாற் பிறந்ததா? எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1947 ஆம் ஆண்டு அமைச்சரவையில் இருந்தவர். கூட்டுப் பொறுப்பின்படி உடன்படிக்கையில் அவருக்கும் பங்குண்டு. 1951 இல் அரசாங்கத்தை விட்டு நீங்கிய அவர் 1956 இல் ஆட்சிக்கு வந்ததும் தளங்களைக் கேட்டுப் பெற்றார். 1957 ஒக்ரோபர் 15 ஆந் தேதி திருகோணமலைத் தளமும் நவம்பர் 1 ஆந் தேதி கட்டுநாயக்காத் தளமும் கையளிக்கப்பட்டன. அவர் நிலை மாறினார் எனக் குறை கூறலாம். ஆனால் எதிர்க்கட்சியில் இருந்து கேட்டதை ஆட்சியில் இருந்து செய்தார் என்பதையும் கூறவேண்டும்.

அண்மைக்கால நிகழ்ச்சி இதற்கு எதிரிடையாக அமைகின்றது. திருகோணமலையையோ ஏனைய துறைமுகங்களையோ இந்தியாவின் நலனுக்கு ஊறு விளைக்கும் வகையில் எந்நாட்டின் படைத்தேவைக்கும் விடுவதில்லை என்பது 1987 யூலை 29 ஆந் தேதிய இந்திய - இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இடம்பெற்ற வாக்குறுதி. சீனக்குடா எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாக இயக்குவதும் அவற்றிற் கூறப்பட்டது. அவ்வுடன்படிக்கையை அன்று வன்மையாக எதிர்த்தது மக்கள் விடுதலை முன்னணி. அதன் தலைமையிலான அரசாங்கமே 2025 ஏப்பிரிலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்புப் பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கையைச் செய்தது. அதன் முழு வாசகத்தையும் சபையில் வைக்குமாறு கேட்போர் இன்றைய எதிர்க்கட்சியினர். அவருட் பலர் நேற்றைய ஆட்சியினர்.

இம்மாற்றங்களைக் கண்டு, அரசியலில் அறமே இல்லை எனச் சலித்துக்கொள்வது எளிது. சூழ்நிலை மாறினால் கொள்கை மாறலாம், அது குற்றமாகாது. ஆனால் 'மக்கள் முன் வைத்துச் செய்க' என்று கோரியவர், ஆட்சிக்கு வந்ததும் மறைத்துச் செய்வாராயின், அவர் மாற்றியது கொள்கையை அன்று. தாம் பிறர்மீது விதித்த நெறியை. எதிர்க்கட்சி உறுப்பினரின் நேர்மைக்கு உரைகல் இதுவே: தாம் இன்று கேட்கும் வினா நாளை தம்மிடம் கேட்கப்படுமாயின் அதற்கு விடையிறுக்க ஒருப்படுவாரா என்பது. அங்ஙனம் ஒருப்படுபவர் உடன்படிக்கையை ஆதரிப்பினும் எதிர்ப்பினும் தம் கடமையைச் செய்தவராவார்.

நாட்டைக் காத்தல் என்பது அங்கு வாழும் மக்களைக் காத்தலாகும். திருகோணமலைக் குடாவின் கரையில் வலை உலர்த்துவோரும், சம்பூரில் மீண்டும் ஏர் பூட்டியோரும் அந்நாட்டின் ஒரு பகுதியினரே. அவர்கள் பாராளுமன்றக் கதவைத் தட்டிப் பாதுகாப்பு அமைச்சரை நேரில் வினவ முடியாது. அவர்களுக்காகக் கேட்கும் ஒரு குரலையேனும் ஒடுக்காது விடுதல் எந்த அரசுக்கும் குறைந்தபட்ச அறமாகும்.