ஊழுக்கும் கல்விக்கும் நடுவே

பரிமேலழகர் உரை கொண்ட வரிசைப்படி, திருக்குறள் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ், அது 38ஆவது. கல்வி 40ஆவது. இரண்டுக்கும் நடுவே இருப்பது இறைமாட்சி, அதாவது ஆள்பவனின் தகுதி. வள்ளுவரே இப்படித்தான் அடுக்கினாரா என்பது வேறு வழக்கு. பிறப்பால் வந்த கல்விக் குறையை அரசு ஏன் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த அடுக்கிலேயே பாதி விடை இருக்கிறது.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு உடம்பு உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் (ஆலை) பஸ் கிராமங்களுக்கு வந்துவிடும். பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்து, மருந்தில் முக்குவதற்குத் தோதாக அடுக்கும் கட்டை அடுக்குதல்தான் அங்கே அவர்கள் வேலை. சின்ன விரல்களுக்கு அது வேகமாக வரும். கூலி கட்டைக் கணக்கில். பள்ளிக்கு வராத பிள்ளையைப் பார்த்துத் 'தலையெழுத்து' என்றார்கள். அந்த எழுத்தைக் கூட்டிப் படித்தால் கட்டைக் கணக்கும், வீட்டார் வாங்கிய முன்பணமும், மழை பொய்த்த கரிசலும்தான் தெரியும்.

வினைக் கொள்கையை இங்கே குறை சொல்லிப் பயனில்லை. அதைப் பிறர் பிள்ளைமேல் ஏவுவதுதான் பிழை. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்போது அனுபவிப்பது), ஆகாமியம் (இப்போது ஈட்டுவது) என மூன்றாகப் பிரிக்கிறது. பிள்ளையின் வறுமை அதன் பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர் ஈட்டுவது தம்முடைய ஆகாமியம். தன் துன்பத்தைப் பொறுக்க உதவும் கொள்கை, அடுத்தவர் துன்பத்துக்குச் சமாதானமாக மாறும்போது கெட்டுப்போகிறது.

அரசியலிலும் இதே விவாதம் நடந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரமே பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழில் பழக வேண்டும். எதிர்ப்பாளர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர்க்காரர் காமராஜர் முதல்வரானதும், 1954இல் அது கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவும், 2022இல் காலை உணவும் வந்தன. இவற்றுக்கு இலவசம் என்பது பொருந்தாத சொல். கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர்ப்பது தானம். கொடுக்காவிட்டால் குற்றமாகும் என்றால் அதன் பெயர் கடன்.

அந்தக் கடனுக்கு ஒரு தொகையே குறிக்கப்பட்டதும் சிவகாசி வழக்கில்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அரசு அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். வட்டி பிள்ளையின் படிப்புக்கு; பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அதுவும் நின்றுவிடும். 25,000 ரூபாயின் வட்டி கட்டைக் கூலிக்கு ஈடாகுமா என்று கேட்கலாம், ஆகாது. ஆனாலும் கடனாளிகள் யார் என்று தீர்ப்பு பெயர் சொல்லிவிட்டது: முதலாளி ஒருவர், அரசு மற்றொருவர்.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் 1988 முதல் நடந்து, பின்னர் பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் கரைந்தன. 1986 சட்டத்துக்கு வந்த 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. ஆபீசுக்குள் நடந்த பெட்டி ஒட்டுதல் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டால், அதை உதவி என்பதா, வேலை என்பதா? ஆய்வாளர் எட்டிப் பார்க்க முடியாத இடம் அது.

பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் அறிவித்தார். முதல்கட்டமாக 5 கோடி ரூபாய். நல்ல அறிவிப்பு. ஆனால் தகப்பன் மருந்து அறைக்குள் போய் மாலையில் உயிரோடு திரும்பிவரும் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கடன் பாக்கி இருக்கிறது.